டயாலிசிஸ் நாட்களுக்கு நடுவே தாராபுரம் வரை

ஆடி மாதத்தில் தாராபுரம் பக்கம் போகாதே, காற்றில் கண்ணைத் திறக்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் போனதே அந்தக் காற்றுக்காகத்தான். வாரத்துக்கு மூன்று நாள் ஏ.சி. அறையில் படுத்துக்கிடப்பவளுக்குக் காற்றின் மேல் வரும் ஆசை மற்றவர்களுக்கு அவ்வளவாகப் புரியாது.

இந்த வலைப்பதிவைப் பழைய நாட்களில் வாசித்தவர்களுக்கு நான் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். இரண்டரை ஆண்டுகளாக இங்கே எதுவும் எழுதவில்லை. என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மருத்துவமனையில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியே ரத்தம் மிஷினுக்குப் போகும், சுத்தமாகி இன்னொன்றின் வழியே உடம்புக்குத் திரும்பும். ஒரு முறை தவறினாலும் உடம்பில் தண்ணீர் சேர்ந்து மூச்சு முட்டத் தொடங்கிவிடும். ஆக, வெள்ளி மதியம் கிளம்பினால் ஞாயிறு இரவுக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த இரண்டு நாளையும்கூட நாங்கள் பயன்படுத்தவில்லை. காரணம் பயம்.

முதல் வருடம் ஒரு தடவை வெளியூர் போனோம். என் கணவர் மோகன் ஒரு துணிப்பை நிறைய ஃபைல்களை அடுக்கி எடுத்துக்கொண்டார். அந்த ஊரில் ஒரு மருத்துவமனையில் முன்பே போனில் பேசி வைத்திருந்தோம். போய்ச் சேர்ந்தபோது போனில் பேசியவர் விடுமுறையில் இருந்தார். ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு எல்லா ரத்தப் பரிசோதனைகளையும் முதலிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். என் கையைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு நர்ஸ் மூன்று முறை குத்தினார், மூன்று முறையும் ரத்தக்குழாய் நழுவியது. சாயங்காலம் வரை காத்திருந்து, டயாலிசிஸ் நடக்காமலே கோவைக்குக் கிளம்பினோம். காரில் சாய்ந்து படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே இழுத்து இழுத்து மூச்சுவிட்டதை இப்போதும் உடம்பு மறக்கவில்லை. அதன்பிறகு மோகன் வெளியூர்ப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது என்ன மாறியது? நான் போகும் மருத்துவமனைக்குக் காரமடை, பல்லடம், தாராபுரம் ஆகிய ஊர்களில் சின்னச் சின்ன டயாலிசிஸ் கிளைகள் உண்டு. முன்பு ஒவ்வொரு கிளையும் தனித்தனி ராஜ்ஜியம். ஒரு கிளையில் என்ன நடக்கிறதென்று இன்னொரு கிளைக்குத் தெரியாது. போன வருடம் எல்லாவற்றையும் ஒரே கணினி அமைப்பில் இணைத்து, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மைய அறை வைத்தார்கள். எந்தக் கிளையில் எந்த டயாலிசிஸ் நாற்காலி காலி, எந்த மிஷின் பழுது, யாருடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது, யார் வர வேண்டிய நாளில் வரவில்லை, எல்லாம் அங்கே திரையில் தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது என் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பால். ‘வெளியூர் செல்கிறீர்களா? பத்து நாட்களுக்கு முன் சொல்லுங்கள்’ என்று போட்டிருந்தது. அதைப் பல மாதம் பார்த்துக்கொண்டே படுத்திருந்துவிட்டு ஒருநாள் அந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

எடுத்தவர் பெயர் நித்யா.

“எந்த ஊருங்க மேடம்?”

“தாராபுரமுங்க. அப்படியே அமராவதி டேம்.”

“ஏதாச்சும் விசேஷமுங்களா?”

“இல்லீங்க. சும்மா சுத்திப் பாக்க.”

“காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. கல்யாணம், துக்கம், வேலைன்னு மூணுதான் குடுத்திருக்காங்க. சுத்திப் பாக்கறதுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலீங்க. மற்றவைன்னு போட்டுக்கறனுங்க” என்றார்.

அவ்வளவுதான் வேலை. திங்கட்கிழமை காலை ஆறரை மணி, தாராபுரம் கிளை என்று போனுக்குச் செய்தி வந்தது. மோகனிடம் காட்டினேன். அவர் கோவையின் கணபதி பகுதியில் பம்ப் பாகங்கள் செய்யும் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எதையும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவார். செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டு, “எதுக்கும் ஃபைலெல்லாம் எடுத்துக்கலாம் அம்மணி” என்றார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். கோவையிலிருந்து சூலூர், பல்லடம் வழியாகத் தாராபுரம் எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாலை நன்றாக இருக்கிறது. பல்லடத்தில் இட்லி சாப்பிட்டோம். உப்பும் நீரும் எனக்கு அளவு என்பதால் சாம்பாரைத் தொடாமல் கொஞ்சமாகத் தேங்காய்ச் சட்னி வைத்துக்கொண்டேன். பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள் ஆரம்பிக்கின்றன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு பார்க்கும் திசையெல்லாம். ஜன்னலை முழுக்க இறக்கச் சொன்னேன். காற்று காருக்குள் புகுந்து என் துப்பட்டாவைப் பின்சீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டது. மோகன் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. இரண்டரை வருடத்தில் அப்படி ஒரு காலை எனக்கு வரவில்லை.

இங்கே என்னைப் போன்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தச் சாலையில் வழியெங்கும் இளநீர்க் கடைகள். நமக்கு அது ஆகாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், டயாலிசிஸ் உடம்பில் அது தங்கி இதயத்தைத் தொந்தரவு செய்யும். மோகன் குடிக்கும்போது நான் காரைவிட்டு இறங்கிக் காற்றாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பங்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். அதை ஒரே பாட்டிலில் அளந்து வைத்துக்கொள்வது நல்லது. எங்கே எவ்வளவு குடித்தோம் என்ற குழப்பம் வராது.

தாராபுரத்தில் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு விடுதியில் ஏ.சி. அறை, நாளொன்றுக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய். சுத்தமாக இருந்தது. கீழ்த்தளத்தில் அறை கேட்டு வாங்குங்கள். டயாலிசிஸ் முடிந்த நாளில் படியேறுவது கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை உடுமலை வழியாக அமராவதி அணைக்குப் போனோம். ஒரு பக்கம் ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அணைக்கு மேலே ஏற நிறையப் படிகள். நான் பாதியில் உட்கார்ந்து, மறுபடி ஏறி, மறுபடி உட்கார்ந்து ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தேன். ஆனைமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது, நீர்ப்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன அலை. அணைக்குப் பக்கத்திலேயே முதலைப் பண்ணை இருக்கிறது. முதலைகள் வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கின்றன. “உங்க டயாலிசிஸ் வார்டு ஆளுங்களாட்டவே இருக்குதுங்க” என்றார் மோகன். அவர் இதையெல்லாம் வைத்துக் கேலி பேசி நெடுநாள் ஆகியிருந்தது. வறுத்த மீன் ஒரு துண்டு சாப்பிட்டேன், மசாலாவை வழித்துவிட்டு.

திங்கட்கிழமை காலை ஆறேகால் மணிக்குத் தாராபுரம் கிளைக்குப் போனோம். தரைத்தளத்தில் ஆறு நாற்காலிகள் கொண்ட சின்ன இடம். டெக்னீஷியன் பிரபுவுக்கு முப்பது வயதிருக்கும். வாசலிலேயே சிரித்தபடி வரவேற்றார்.

“வாங்க சுகந்தி மேடம். நாலாம் நம்பர் நாற்காலிங்க உங்களுக்கு. வெள்ளிக்கிழமை முடியறப்ப பிரஷர் கொஞ்சம் எறங்கிருச்சுன்னு கோயமுத்தூர்ல போட்டிருக்காங்க. இன்னைக்கு நிதானமா எடுத்துக்கலாமுங்க.”

மோகன் கையிலிருந்த ஃபைல் பையைத் தரையில் வைத்தார்.

அடுத்த பத்து நிமிடத்தில் எல்லாம் தலைகீழானது. டயாலிசிஸுக்கு ஓர் ஆளுக்கு நூறு லிட்டருக்கும் மேல் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரைத் தரும் ஆர்.ஓ. இயந்திரத்தின் மோட்டார், விடியற்காலையில் மின்சாரம் ஏறி இறங்கியதில் கருகிவிட்டது. பிரபு பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துத் திரும்பினார். மோகனும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கற காயிலே போயிருச்சு. வேற மோட்டார் வந்து மாட்டி முடிக்க மத்தியானம் ஆயிருமுங்க” என்றார். மோட்டாரைப் பற்றிக் கோவைக்காரர் சொன்னால் அதில் மறுபேச்சு இல்லை.

அந்தப் பழைய ஊர், பழைய சாயங்காலம், காரில் இழுத்த மூச்சு எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. மோகன் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டார்.

காத்திருந்தவர்கள் என்னோடு ஐந்து பேர். கதவோரம் ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கால் வீங்கி, செருப்பின் வார் தோலுக்குள் பதிந்திருந்தது. பேச்சு நடுநடுவே அறுந்தது. பிரபு அவரை, “மேரியக்கா, என்னங்க இப்படி மூச்சு வாங்குது?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லப்பா... படி ஏறுனேன்... அதான்.”

அந்தக் கட்டடத்துக்குள் வர எங்கேயும் படி இல்லை.

பிரபு மைய அறைக்குத் தகவல் சொல்லிவிட்டு எங்கள் ஐந்து பேரையும் எடை பார்த்தார். ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் பார்த்துக் கணினியில் பதிந்தார். எனக்கு இரண்டு கிலோ கூடியிருந்தது, எப்போதும்போல. மேரியக்காவுக்கு நான்கு கிலோவுக்குப் பக்கம். வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்கு அவர் வரவில்லை. கோவையில் இருந்த மருத்துவர் திரை வழியே அவரிடம் பேசினார். நாக்கை நீட்டச் சொன்னார், காலை அழுத்திக் காட்டச் சொன்னார். அதற்குள் என் போன் அடித்தது. நித்யா.

“மேடம், பயப்படாதீங்க. எல்லாருக்கும் எடம் பாத்துட்டனுங்க. பல்லடத்துல இப்ப ஒரு நாற்காலி காலியா இருக்குது. பதினொன்றரைக்கு இன்னும் ரெண்டு காலியாகுது. மீதி ரெண்டு பேரும் தாராபுரத்துலயே மத்தியானம் மோட்டார் வந்ததும் ஏறிக்கலாமுங்க, அவங்களுக்கு ரிப்போர்ட்டெல்லாம் நல்லா இருக்குது.”

“அப்ப இப்பக் காலியா இருக்கறது எனக்குங்களா?”

“இல்லீங்க. ஆரோக்கியமேரி அம்மாவுக்கு. உங்களுக்குப் பதினொன்றரைங்க.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மோகனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “நாங்க பத்து நாளைக்கு முன்னாலயே சொல்லி வெச்சிருக்கோமுங்க. இவளை அலைய உடறதுக்கா இவ்வளவு ஏற்பாடு?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளே அதே கேள்விதான்.

நித்யா குரலை உயர்த்தவில்லை. “நீங்க சொல்றது ஞாயந்தானுங்க சார். ஆனா மேடத்துக்கு மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் ஆகாது. போன வாரம் எடுத்த பொட்டாசியம், எடை, பிரஷர் எல்லாம் பாத்து டாக்டரே சொல்லிட்டாங்க. அந்தம்மா அப்படிக் காத்திருக்க முடியாதுங்க.” பிறகு சற்றுத் தயங்கி, “இன்னொரு உதவிங்க. பல்லடத்துல இருந்து ஆம்புலன்ஸ் கிளம்பிருச்சு, ஆக்சிஜனோட நர்ஸும் வர்றாங்க. அது தாராபுரம் வந்து சேந்து திரும்பிப் போனா ரெண்டு மடங்கு நேரம். உங்க கார்ல அவங்களைக் கூட்டிக்கிட்டு நீங்க இப்பவே கிளம்பிட்டீங்கன்னா, பாதி வழியில ஆம்புலன்ஸ் வாங்கிக்கும். நாற்காலி எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுதுங்க. கார் யாருகிட்ட இருக்குதுன்னு இந்தத் திரையில தெரிய மாட்டேங்குது” என்றார்.

மோகன் கதவோரம் பார்த்தார். மேரியக்கா எங்களைப் பார்க்காமல் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மோகன் ஃபைல் பையைப் பிரபுவின் மேசை மேல் வைத்துவிட்டு, கார்ச் சாவியை எடுத்தார். “வாங்கக்கா, முன்னால உக்காந்துக்குங்க. நேரா உக்காந்தாத்தான் மூச்சு சுளுவா வரும்.”

முந்தாநாள் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்த அதே சாலை. என் போனிலிருந்து கார் இருக்கும் இடம் நித்யாவுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். பிரபு கொடுத்தனுப்பிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானி மேரியக்காவின் கையில் இருந்தது. நான் பின்சீட்டிலிருந்து எட்டி எட்டி எண்ணைப் படித்து நித்யாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று மூன்று. காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது.

“எதுக்குங்கக்கா வெள்ளிக்கிழமை வராம உட்டீங்க?” என்று கேட்டேன், பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பதற்காக.

“பள்ளிக்கூடத்துல... சத்துணவு சமையல் எனக்கு. எப்பவும் இங்க முடிச்சுட்டு... போயி ஆக்குவேன். அன்னைக்கு ஆபீசர் காலையிலயே வர்றாங்கன்னு... சொல்லிப்போட்டாங்க. நான் இல்லீன்னா... புள்ளைங்களுக்கு யாரு ஆக்கறது?” ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் மூச்சு எடுத்தார். “கோயமுத்தூர்ல இருந்து போன் வந்துச்சு... ஏன் வரலீன்னு. ஒரு நாளுதானேன்னு... சொல்லிப்போட்டேன்.”

“தொண்ணூத்தொண்ணு” என்றேன் போனில்.

“குண்டடம் தாண்டி வலது பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் வருமுங்க. ஆம்புலன்ஸ் அங்க நிக்குது. இன்னும் மூணு நிமிஷம்” என்றார் நித்யா. “மேரியம்மா, நான் பேசறது கேக்குதுங்களா? கண்ணை மூடாதீங்க. எங்கிட்டப் பேசிக்கிட்டே வாங்க.”

பங்க்கில் ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. நர்ஸ் ஓடிவந்து ஆக்சிஜன் மாஸ்க்கைக் காரிலேயே மாட்டிவிட்டு, பிறகுதான் இறக்கினார். அவர் மேரியக்காவிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் அவர் கையிலிருந்த டேப்லெட்டில் ஏற்கெனவே இருந்தது. கதவு மூடியது, வண்டி திரும்பியது. மோகன் காரை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிறிது நேரம் அப்படியே இருந்தார். “நீ அன்னைக்கு இப்படித்தான் இருந்தே” என்றார்.

பல்லடம் கிளைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேரியக்கா மிஷினில் ஏறியிருந்தார். கண்ணாடி வழியே பார்த்தோம். மாஸ்க்குக்கு மேலே கண்கள் திறந்திருந்தன. கையை லேசாகத் தூக்கிக் காட்டினார்.

பதினொன்றரை மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். முன்பின் பார்த்திராத ஒரு பெண் ஊசி போட வந்தார். என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, “மேல் ஊசியை உள்பக்கம் கொஞ்சம் சாய்ச்சுப் போடோணும், இல்லீன்னா நழுவும்னு ஆர்.எஸ்.புரத்துல எழுதியிருக்காங்க. சரிதானுங்களா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். ஒரே குத்து, சரியாக உள்ளே போனது. என் கையைப் பற்றி அந்த ஊரில் யாருக்கோ தெரிந்திருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு அவர், “வலிச்சுருச்சுங்களா?” என்று பதறினார். இல்லை என்றேன்.

மாலை நான்கு மணிக்கு மேல் நாங்கள் மூவரும் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து மோகன் வாங்கி வந்த தோசையைச் சாப்பிட்டோம். மேரியக்காவுக்கு வீக்கம் வடிந்து முகமே வேறாகியிருந்தது. நன்றாகப் பேசினார். அவருடைய பெற்றோர் தாராபுரம் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். இவர் பதினெட்டு வருடமாகச் சத்துணவுச் சமையல். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை.

“நீங்க எதுக்கு அம்மணி தாராபுரம் வந்தீங்க?”

“சுத்திப் பாக்கறதுக்குக்கா.”

“இந்தச் சீக்கை வெச்சுக்கிட்டா?” வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தோசையைப் பிய்த்தபடி, “வேளாங்கண்ணிக்கு வாரேன்னு வேண்டியிருந்தேன். சீக்கு வந்து நாலு வருசமாச்சு. எங்க போறது? ரெண்டு நாளைக்குள்ள போயிட்டு வர்ற தூரமா அது?” என்றார்.

அப்போது நித்யா அவரைக் கூப்பிட்டார். நலம் விசாரித்துவிட்டு, “மேரியம்மா, இந்த ஆறு மாசத்துல மூணு தடவை வராம உட்டிருக்கீங்க. மூணும் பள்ளிக்கூடம் இருக்கற நாளு. காலையில சமையல் இருக்கறதுனாலதானே? தாராபுரத்துல சாயங்கால ஷிப்ட்ல வர்ற ஒரு விவசாயி காலைக்கு மாத்தித் தாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. மாத்திக்கறீங்களா?” என்று கேட்டார்.

மேரியக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். “சாயங்காலம் ஒண்ணு இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்களே” என்றார்.

அன்று மாலை மூவரும் தாராபுரம் திரும்பினோம். காற்றாலைகளுக்குப் பின்னால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மேரியக்கா பின்சீட்டில் நன்றாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார். அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பிரபுவிடம் விட்டு வந்த பையையும் வாங்கிக்கொண்டு விடுதிக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை காலை அமராவதி ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தோம். மதியத்துக்குள் கோவை.

புதன்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் நித்யாவைப் பார்க்க அனுமதி கேட்டு மோகனோடு மைய அறைக்குப் போனேன். சுவர் முழுக்கத் திரையும் விளக்குமாக இருக்கும் என்று கற்பனை செய்திருந்தேன். முன்பு பழைய ஃபைல்களைப் போட்டு வைத்திருந்த அறையாம் அது. நான்கு திரை, மூன்று ஆட்கள், ஒரு டீ ஃபிளாஸ்க். நித்யாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆரம்பத்தில் கிளைகளில் இருந்த நர்ஸுகளுக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது, எழுதுவதோடு தட்டச்சும் செய்ய வேண்டுமா என்று சண்டை போட்டார்கள் என்று சொன்னார். இப்போதும் நெட்வொர்க் போனால் போனில் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியிருக்கிறதாம்.

மோகன் தன் சந்தேகத்தைக் கேட்டுவிட்டார். “இவ ஒடம்பு விசயமெல்லாம் ஊர்ல இருக்கறவங்க எல்லாரும் பாக்கலாமுங்களா?”

“இல்லீங்க சார். அன்னைக்கு அந்த நாற்காலியில வேலை பாக்கறவங்களுக்கு மட்டுந்தான் தொறக்கும். யாரு எப்பப் பாத்தாங்கன்னும் பதிவாகும்” என்றார் நித்யா. அந்தப் பதில் மோகனுக்குப் பாதி திருப்தி. மீதியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் வேறொன்று கேட்டேன். வெள்ளிக்கிழமை மேரியக்கா வராதபோது திரை சொல்லியதே, பிறகும் ஏன் திங்கள் வரை விட்டீர்கள்? “செவப்புல காட்டுச்சுங்க. நானும் கூப்பிட்டேன். ஒரு நாளுதானேன்னு அவங்க சொன்னதும் சரின்னு உட்டுட்டேன். இப்ப ஒருத்தர் வரலீன்னா அடுத்த நாளே ஆளை அனுப்பிப் பாக்கறோமுங்க” என்றார் நித்யா. அந்த அமைப்பின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான்.

நீங்களும் டயாலிசிஸோடு பயணம் போக நினைத்தால் சில விஷயங்கள். உங்கள் மருத்துவமனைக்குக் கிளைகள் இருக்கின்றனவா, அவை ஒரே அமைப்பில் இணைந்தவையா என்று கேளுங்கள். பெயர்ப் பலகை ஒன்றாக இருப்பதால் மட்டும் தகவல் போய்ச் சேர்ந்துவிடாது. டயாலிசிஸ் முடிந்த மறுநாள்தான் நீண்ட பயணத்துக்கு ஏற்ற நாள். அரசு காப்பீட்டில் இருப்பவர்கள், கிளை மாறினால் அனுமதியும் கூடவே மாறுமா என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி ரத்தப் பரிசோதனை, இருக்க வேண்டிய எடை, ஊசி போடும் கை பற்றிய குறிப்பு மூன்றையும் ஒரே தாளில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அமைப்பும் ஒருநாள் வேலை செய்யாமல் போகலாம். எங்கள் பயணத்துக்குப் பெட்ரோல், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்குள் முடிந்தது. டயாலிசிஸ் கட்டணம் ஆர்.எஸ்.புரத்தில் கட்டுவதுதான், கூடுதல் இல்லை. ஆடியில் போவதானால் தலைக்கு ஒரு துண்டு அவசியம்.

இதை எழுதி முடிக்காமல் பல மாதம் போட்டு வைத்திருந்தேன். அரையாண்டு விடுமுறை சமயத்தில் ஒரு காலை, ஆர்.எஸ்.புரத்தில் என் நாற்காலியில் இருந்தபோது மேரியக்கா கூப்பிட்டார். மகனோடு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். நாகப்பட்டினத்தில் எங்கள் மருத்துவமனையின் கிளை எதுவும் இல்லை. நித்யா அங்கே ஒரு மையத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு முறை பேசி, மேரியக்காவின் விவரங்களை ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். முதல் நாள் டயாலிசிஸ் நன்றாக முடிந்துவிட்டது.

“அம்மணி, கடலுக்குப் போயிட்டு வந்தேன்” என்றார். “இத்தனை வயசுக்கு இப்பத்தான் பாக்கறேன். எம்புட்டுத் தண்ணி! ஆனா ஒரு வாய் குடிக்க முடியாதாமுங்க, ஒருத்தராலயும். அங்க எல்லாரும் நம்மளாட்டத்தான்.”

நான் சிரித்த சிரிப்பில் கை அசைந்து, மிஷினில் அலாரம் அடித்தது. டெக்னீஷியன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.